பார்த்ததுமே தெரிஞ்சிருச்சாம்

எங்கள் பவுண்டரிக்கு வெல்டர் வேலை கேட்டு வருகிறவனிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹோல்டரைக் கையில் கொடுத்து, இரண்டு தகட்டைக் காட்டி, "ஒட்டு" என்பார் ஃபோர்மேன். ஒட்டி முடித்ததும் கசடைத் தட்டி உதிர்த்து, பட்டையாக அறுத்து, வைஸில் மாட்டி வளைப்பார். விரிசல் விட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். விடாவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்கு வரலாம். பையன் முடியை எப்படி வெட்டியிருக்கிறான், கண்ணைப் பார்த்துப் பேசினானா, அப்பா என்ன தொழில் என்பதெல்லாம் ஃபோர்மேனுக்கு வேண்டாத சங்கதி. லேத் ஓட்ட வருகிறவருக்கும் இதே மரியாதைதான். ஒரு டிராயிங்கும் ஒரு துண்டு இரும்பும் கைக்கு வரும். கடைந்து கொண்டுவந்து வைத்த பிறகு பேச வேண்டியதை மைக்ரோமீட்டர் பேசிக்கொள்ளும்.

மாடியில் நடப்பது வேறு.

கோவையில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பொறுப்பு என்று சொல்வது ஒரு கௌரவத்துக்குத்தான். பயோடேட்டாக்களைச் சலிப்பது, போன் போட்டு வரவழைப்பது, வந்தவர்களிடம் பஸ் சார்ஜ் வவுச்சரில் கையெழுத்து வாங்குவது வரை என் பொறுப்பு. ஆளைத் தேர்ந்தெடுப்பது முதலாளியின் உள்மனசு.

போன தடவை பர்சேஸ் மேனேஜர் பதவி. வருஷத்துக்குப் பல கோடி ரூபாய்க்கு பிக் அயர்னும் ஸ்கிராப்பும் காப்பர் ஒயரும் வாங்கப்போகிற ஆள். ஒரு கொட்டேஷனைக் கையில் கொடுத்து இதில் எங்கே இடிக்கிறது என்று கேட்கலாம். டெலிவரி தள்ளிப்போன ஒரு சப்ளையரை எப்படிக் கையாள்வாய் என்று கேட்கலாம். கேட்கவில்லை. ஏசி அறையில் காபி வந்தது. "எந்த ஊருங்க தம்பி?" என்று ஆரம்பித்து, அவர் படித்த கல்லூரியில் முதலாளியின் மச்சினர் மகனும் படித்தது வெளிப்பட்டு, அங்கிருந்து ஹாஸ்டல் சாப்பாடு, கிரிக்கெட், மழை இல்லாதது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய்க் கதவு சாத்தியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, உள்ள வந்து உட்கார்ந்தப்பவே தெரிஞ்சிருச்சு. இவன்தான்."

என்ன தெரிந்தது என்று நான் கேட்கக் கூடாது. கேட்டால் "எத்தன வருஷ அனுபவம் அம்மிணி, ஆளைப் பார்த்தாலே எடை போட்டுருவேன்" என்பார். அதே மனிதர் ஸ்கிராப் லாரி வந்தால் வே-பிரிட்ஜில் ஏற்றாமல் ஒரு கிலோ இறக்க விடமாட்டார். லாரிக்காரர் பல வருஷப் பழக்கம் என்றாலும் சரி. இரும்பை எடை போடத் தராசு வேண்டும், மனுஷனை எடை போடக் கண் போதும் என்பது எந்த ஊர்க் கணக்கோ!

உள்மனசு பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் ருசி எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கை குலுக்கும்போது அழுத்திக் குலுக்க வேண்டும். கேள்வி முடியும் முன் பதில் வர வேண்டும். யோசித்துச் சொன்னால் "தடுமாறுறான்". நடுவில் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் வந்து விழ வேண்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தயங்காமல் விழ வேண்டும். சட்டையை இன் செய்திருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கூடுதல் விசேஷம். பெண்கள் பாடு இன்னும் மோசம். சிரித்தால் "சீரியஸா இல்லை", சிரிக்காவிட்டால் "கடுகடுன்னு இருக்குது, ஸ்டாஃபோட ஒத்துப்போகாது". இத்தனையும் தாண்டி வந்தால் "கல்யாணம் எப்போ?" என்ற கேள்வி காத்திருக்கும். அதற்கு என்ன பதில் சொன்னாலும் தப்பு.

காஸ்டிங் விலை போடும் வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். கீழே காத்திருந்த நேரத்தில் எங்கள் பழைய காஸ்டிங் ஷீட் ஒன்றைச் சும்மா பார்க்கக் கொடுத்தேன். ரன்னர், ரைசரில் போகிற இரும்பு திரும்ப உலைக்கே வருகிறதே, அதன் மதிப்பை நீங்கள் கழிக்கவே இல்லையே என்று பென்சிலால் சுழித்துக் கொடுத்தாள். எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. மாடியில் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தாழ்ந்த குரல். தரையைப் பார்த்துப் பேசுகிற வழக்கம். "பேசவே மாட்டேங்குதே அம்மிணி, வாயில முத்தா உதிர்ந்துரும்?" என்று முடித்துவிட்டார். நாள் முழுக்க எக்ஸெல் முன்னால் உட்காருகிற வேலை அது. யாரோடு பேச வேண்டும்? அவளுக்குப் பதிலாக வந்தவர் நன்றாகவே பேசினார். கோர் செலவைச் சேர்க்காமல் ஒரு பெரிய ஆர்டருக்கு விலை கொடுத்ததைக்கூட அழகாகப் பேசி விளக்கினார். ஆறு மாதம் ஆவதற்குள் வேறு கம்பெனிக்குப் பேசப் போய்விட்டார்.

அப்போதாவது உள்மனசின் மேல் சந்தேகம் வர வேண்டுமே! "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நிலைச்சு நிக்கத் தெரியாது" என்றார். ஆள் சரியாக அமைந்தால் "நான் அன்னிக்கே சொன்னனே". அமையாவிட்டால் காலம் கெட்டது, சம்பளம் போதவில்லை, மெட்ராஸ் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டான். ஜெயித்தால் கண், தோற்றால் காலம். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வேண்டாம் என்று அனுப்பியவர்கள் யாரும் திரும்பி வந்து "ஐயா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆகவே கணக்கில் அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு லாபம் என்று சொல்கிற கணக்குப்பிள்ளையை இவர் ஒரு நாள் வைத்திருப்பாரா?

உள்மனசே பொய் என்று நான் வாதாடவில்லை. எங்கள் உலைக்காரர் இருக்கிறார். 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இரும்பின் நிறத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பார். பைரோமீட்டரை விட்டுப் பார்த்தால் அவர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் அந்தக் கண் எப்படி வந்தது? ஒவ்வொரு தடவையும் சொன்ன உடனே மீட்டர் சரி, தப்பு என்று காட்டிவிடுகிறது. தவறிப்போனால் மறுநாள் மோல்டை உடைக்கும்போது காஸ்டிங்கே சாட்சி சொல்லிவிடுகிறது. உலை பொய் சொல்லாது, இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி நடக்கவும் நடக்காது. உள்ளுணர்வை மெச்சிக்கொண்டு தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்த கேரி க்ளைனும், அதைச் சந்தேகப்பட்டே பேர் வாங்கிய டேனியல் கானெமனும் 2009ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: சூழல் ஒழுங்காக இருந்து, செய்ததற்கான பலன் சீக்கிரம் தெளிவாகத் தெரிந்துகொண்டே இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். நேர்காணல் அறையில் இரண்டும் இல்லை. வருகிறவர் அன்றைக்கு ஒரு நாளைக்காகச் சலவை செய்து மடித்து வந்த மனிதர். பலன் தெரிய ஒரு வருஷமாவது ஆகும், அதற்குள் காரணம் நூறு கலந்துவிடும்.

இதை நான் சொன்னால் எடுபடாது என்று முதலாளிக்கு ஹூஸ்டன் கதையைச் சொன்னேன். அமெரிக்கா என்றால் கொஞ்சம் காது கொடுப்பார். 1979ல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சுமார் 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தியது. முதல் 350 இடங்களுக்குள் இருந்தவர்களிலிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நல்ல ரேங்க்காரர்கள் எல்லாம் வேறு இடம் போயாகிவிட்டது. கடைசியில் 700லிருந்து 800 வரை, அதாவது வேண்டாம் என்று ஓரமாய் வைத்த கூட்டத்திலிருந்து 50 பேரைக் கூட்டிவந்தார்கள். படிப்பு முடிந்து, மருத்துவமனையில் முதல் வருஷப் பயிற்சியும் முடிந்த பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசமே இல்லை. மார்க்கில் இல்லை, நோயாளிகளைக் கவனிப்பதில் இல்லை, பாதியில் நின்றவர்கள் எண்ணிக்கையிலும் இல்லை. அத்தனை பேராசிரியர்கள் உட்கார்ந்து கேட்ட அத்தனை கேள்வியும் வெறும் காபிச் செலவு.

முதலாளி சிரத்தையாகக் கேட்டார். "அவங்களுக்குக் கேக்கத் தெரியல அம்மிணி" என்றார்.

சரி, கேட்கத் தெரிந்தால்? 2013ல் ஜேசன் டேனா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களை விட்டு மாணவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்லி, அவர்கள் அடுத்த பருவத்தில் எடுக்கப்போகும் மார்க்கை ஊகிக்கச் சொன்னார்கள். பதில் சொல்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக ஒரு கட்டளை: உண்மையைப் பார்க்காதே, கேள்வியின் சொற்கள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்பதை மட்டும் வைத்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல். பேட்டி எடுத்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. உளறலைக் கேட்டும் ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். பேட்டியே எடுக்காமல் பழைய மார்க்கை மட்டும் பார்த்து ஊகித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும். நம் மனசுக்கு யார் எதைச் சொன்னாலும் அதை ஒரு கதையாகக் கோத்துக்கொள்ளத் தெரியும். தனக்குக் கதை கிடைத்துவிட்டால் போதும், "தெரிஞ்சிருச்சு" என்று எழுந்துவிடும்.

இதற்கெல்லாம்கூட நான் இவ்வளவு வயிறெரிய மாட்டேன். அந்த முதல் கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. எந்த ஊர்?

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண விசாரிப்பாகத் தெரியும். நமக்குத் தெரியாதா? 1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது வேர் பிடித்தது. பயோடேட்டாவில் ஒரு இனிஷியலும் ஒரு பேரும் மட்டும்தான் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு போய்விடவில்லை. அது நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார், குலசாமி கோயில் எங்கே. நாலு கேள்வியில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கிற மீதி நேர்காணலில் கேட்டவர் முகம் மாறும் விதத்தைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்க வேண்டும். சிலருக்குச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டாவது காபி சொல்வார்கள். சிலருக்கு "சரிங்க தம்பி, சொல்லி அனுப்பறோம்". சாதியைச் சொல்லி மறுத்தார்கள் என்று யாராலும் எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. மறுத்தவருக்கே அது தெரிந்திருக்காது என்பதுதான் கொடுமை. அவருக்கு "மனசுக்கு ஒட்டல", அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வியாதி மட்டும் இல்லை இது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக டெல்லியில் பெரிய கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசினார்கள். எல்லாரும் திறமைதான் முக்கியம் என்றார்கள். அதே மூச்சில் குடும்பப் பின்னணி கேட்காமல் ஆளை எப்படி எடுப்பது என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. என் தொழில்காரர்கள்தான், வெட்கமாக இருக்கிறது.

சர்க்கார் வேலைகளிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் இந்த நோய்க்குக் கொஞ்சம் மருந்து போட்டிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்திலேயே நம் மாநில மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொத்தம் 275 மார்க்கில் நேர்காணலுக்கு 75. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த நேரம் மூன்று நிமிஷம்போல. மூன்று நிமிஷத்தில் ஒருவரை என்னவென்று எடை போடுவது என்று நீதிமன்றம் கேட்டது. விளையாட்டு, உடல்திறன், பொதுத் திறன் என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்துப் போட வேண்டிய மார்க்கை மொத்தமாக அள்ளிப் போட்டிருந்ததையும் தவறு என்றது. 1980ல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹசியா வழக்கில் நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, முடிந்தால் பேச்சை டேப்பில் பதிந்து வையுங்கள் என்றது. 2016 ஜனவரி 1லிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வில்கூட 2,025 மார்க்கில் நேர்காணலுக்கு 275தான். கலெக்டரைத் தேர்ந்தெடுக்க அந்த அளவு உள்மனசு போதுமாம். எங்கள் ஸ்டோர்ஸ் அசிஸ்டெண்டுக்கு நூற்றுக்கு நூறு!

நானும் சும்மா புலம்பிக்கொண்டு மட்டும் இல்லை, வழியும் தேடினேன். கானெமன் 1955ல், 21 வயசுப் பையனாக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, ஆட்களைப் பேட்டி காண ஒரு முறை செய்து கொடுத்தார். ஆறு குணங்களைப் பிரித்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிக் கேள், ஒன்றுக்கு மார்க் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போ. பேட்டி காண்பவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறாயே என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, ஆறையும் முடித்துவிட்டுக் கண்ணை மூடி உங்கள் மனசுக்குப் படுவதையும் ஒரு மார்க்காகப் போடுங்கள் என்றார். பிறகு பார்த்தால் அந்தக் கண்மூடி மார்க்கும் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சமமாக உதவியது. உள்மனசுக்கு முதலில் வேலை கொடுத்துவிட்டுக் கடைசியில் பேச விட்டால் உருப்படியாகத்தான் பேசுகிறது. அண்மைக் கணக்கும் அந்தப் பக்கம்தான். 2022ல் பால் சாக்கெட் குழுவினர் பழைய ஆய்வுகளை எல்லாம் திருத்திக் கூட்டிப் பார்த்தபோது, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு மார்க் போடும் நேர்காணலுக்கும் பின்னால் செய்த வேலைக்கும் உள்ள பொருத்தம் 0.42. மனம் போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19.

அதைப் பார்த்து நானும் ஒரு தாள் தயாரித்தேன். வேலைக்கு வேண்டிய ஐந்து விஷயம், எதிரே கட்டம், கீழே மொத்தம். முதலாளி வாங்கிப் பார்த்தார். "பரீட்சைப் பேப்பர் திருத்தற வாத்தியாரா அம்மிணி நானு?" என்றார். ஆனாலும் மறுக்கவில்லை, நல்ல மனுஷர். அடுத்த நேர்காணலில் ஆள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் மொத்தம் என்ற கட்டத்தில் 42 என்று எழுதிவிட்டார். பிறகு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மேலே 8, 9, 8, 9 என்று பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் கணக்கு நேராக 8 போட வேண்டியிருந்தது. ஆர்வத்தில் 9 போட்டுவிட்டு, அப்புறம் அடித்துத் திருத்தினார். பெரியகருப்பன் வழக்கின் தேர்வுக் குழுவே என் கண் முன்னால் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

இப்போது மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவர் வேண்டும். இந்தத் தடவை விடுவதாக இல்லை. ஓடாமல் நிற்கிற ஒரு மோனோபிளாக் பம்பைக் கொண்டுவந்து வைத்து, ஒரு டூல் பாக்ஸையும் கொடுத்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்றேன். மேஜைக் கண்ணாடி உடைந்துவிடும் என்றார். தரையில் வைக்கலாம் என்றேன். இன்ஜினியரைத் தரையில் உட்கார வைப்பதா என்றார். அப்படியானால் ஷாப் ஃப்ளோரிலேயே, ஃபோர்மேன் முன்னால் என்றேன். ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில் பம்புக்கும் சரி என்றார், தாளுக்கும் சரி என்றார், வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்பதற்கும் சரி என்றார். ஃபோர்மேன் மார்க் போட்டு முடிக்கிற வரை வாயே திறப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்.

"எல்லாம் உன்ற இஷ்டப்படி நடத்திக்க அம்மிணி. ஆள் உள்ள வந்ததும் எந்த ஊருன்னு மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."